தாய்ப்பாலில் இறங்கும் நஞ்சு

2016 ஆம் ஆண்டு தை மாதம். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள டைரீ என்னும் சிறு தீவில் பெண் ஓர்க்கா ஒன்று இறந்து கரையொதுங்கியது. 'கொலைத் திமிங்கிலம்' என்று அழைக்கப்பட்டாலும், ஓர்க்கா டொல்பின் குடும்பத்தைச் சேர்ந்த பாலூட்டியே. ஆராய்ச்சியாளர் இதற்கு லூலு என்று பெயரிட்டிருந்தனர்.

லூலுவின் உயிரைப் பறித்தது மீன்பிடிக் கயிறு. ஆனால் உடலைச் சோதித்தபோது வேறோர் உண்மை வெளிவந்தது. இருபது வயதேனும் நிரம்பியிருந்த அது ஒரு குட்டியையும் ஈன்றிருக்கவில்லை. அதன் கொழுப்பில் கிலோகிராமுக்கு 957 மில்லிகிராம் பி.சி.பி. என்னும் இரசாயனம் காணப்பட்டது. கடற் பாலூட்டிகளுக்குக் கேடு தொடங்கும் அளவு ஏறத்தாழ 9 மில்லிகிராம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. அப்படியானால் லூலு சுமந்தது அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல்!

அழியாமையே ஆபத்து

பி.சி.பி. இயற்கையில் உள்ள பொருளன்று; மனிதன் ஆக்கியது. 1929 இல் வாணிப அளவில் உற்பத்தி தொடங்கிற்று. எளிதில் தீப்பற்றாது, வெப்பத்தில் சிதையாது, மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மின்மாற்றிகளின் எண்ணெயிலும், பெயின்றிலும், கட்டட இடைவெளிகளை அடைக்கும் பசையிலும் அதைச் சேர்த்தார்கள். உலகம் முழுவதிலும் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் உற்பத்தியாயிற்று. எந்த உறுதிக்காக அதைப் போற்றினோமோ, அந்த உறுதியே வினையாயிற்று. மண்ணிலும் நீரிலும் கலந்த பின்னரும் அது இலகுவில் அழிவதில்லை.

சிறியதிலிருந்து பெரியதற்கு

பி.சி.பி. நீரில் கரைவது மிக அரிது. கொழுப்பிலோ நன்கு கரையும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் அது ஒட்டுகிறது. அவற்றைச் சிறு மீன் உண்கிறது. சிறு மீனைப் பெரிய மீனும், பெரிய மீனைக் கடல்நாயும், கடல்நாயை ஓர்க்காவும் உண்கின்றன. உண்ட உணவு செரித்துப் போகும். நஞ்சு மட்டும் கொழுப்பில் தங்கிவிடும். ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு பெருகும். நீண்ட ஆயுளும் தடித்த கொழுப்புப் படையும் கொண்ட ஓர்க்கா, இந்த ஏணியின் உச்சியில் நிற்கிறது. அங்கே நோயெதிர்ப்புச் சக்தி குன்றுகிறது, இனப்பெருக்கம் தடைப்படுகிறது.

ஆணுக்கு இச்சுமையை இறக்கிவைக்க வழியில்லை. தாய்க்கு ஒரு வழி உண்டு, அதுவே பெருந்துயரம். குட்டிக்குப் பாலூட்டும்போது, தன் கொழுப்பிலுள்ள நஞ்சையும் சேர்த்தே ஊட்டிவிடுகிறது. தலைக்குட்டிக்கே பெரும் பங்கு போய்ச் சேருகிறது.

இது விலங்குகளின் கதை மட்டும்தானா? 1966 இல் சூழலில் பி.சி.பி. பரவியிருப்பதை முதலில் கண்டறிந்து அறிவித்தவர், சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் சோரன் ஜென்சன். மீனிலும் கழுகிலும் கண்ட அதே பொருளைத் தம் குடும்பத்தினரின் தலைமயிரிலும் கண்டார். அவருடைய கைக்குழந்தையும் அதற்கு விலக்கல்ல!

திருந்தினால் பலனுண்டு

அந்தச் சுவீடனின் கரையைத் தழுவும் போல்ற்றிக் கடலே நமக்கு நல்ல பாடத்தையும் தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறக்குறைய ஓர் இலட்சம் சாம்பல்நிறக் கடல்நாய்கள் இருந்தன. முதலில் வேட்டையும், பின்னர் நஞ்சும் அவற்றை 1970 களில் சில ஆயிரங்களாகக் குறைத்தன. பல பெண் கடல்நாய்களின் கருப்பை அடைபட்டு மலடாயின. வேட்டை கட்டுப்படுத்தப்பட்டது, பி.சி.பி.யும் தடைசெய்யப்பட்டது. நஞ்சின் அளவு மெல்லக் குறைய, கருத்தரிப்பு மீண்டது. இன்று அவை நாற்பதாயிரத்துக்கு மேல்.

ஆனால் ஓர்க்காக்களுக்கு விடிவு இன்னும் தொலைவிலேயே. அமெரிக்கா 1979 இல் உற்பத்தியைத் தடைசெய்தது. 2001 இல் நிறைவேறிய ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை, பி.சி.பி. உள்ள கருவிகளை 2025 க்குள் பாவனையிலிருந்து நீக்கவும், கழிவுகளை 2028 க்குள் பாதுகாப்பாக அகற்றவும் இலக்கு வைத்தது. எனினும், உலகின் ஓர்க்காக் கூட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்நஞ்சினால் நூறாண்டுகளுக்குள் அருகிப்போகலாம் என 2018 இல் வெளியான ஆய்வொன்று எச்சரித்தது.

வாசகர்களே, ஒரு பொருளை ஆக்குமுன், 'இது எதற்குப் பயன்படும்?' என்று கேட்கிறோம். 'பயன் முடிந்த பின் இது எங்கே போகும்?' என்றும் கேட்கப் பழகுவோமாக. அந்தக் கேள்வியை நாம் கேட்கத் தவறினால், விடையைச் சுமப்பவை இன்னும் பிறவாத உயிர்களே.