பவளத் தொட்டி வைக்க ஆசையா? காரைக்குடி வீடுகளுக்கான குறிப்புகள்

தேவகோட்டையைத் தாண்டிப் போனால் தொண்டிக் கடல் வந்துவிடும். அதனால்தானோ என்னவோ, நம் பக்கத்தில் பலர் பவளத் தொட்டி என்றதும் இரண்டு கேன் கடல் தண்ணீர், நாலு பவளப் பாறை, முடிந்தது வேலை என்று கணக்குப் போடுகிறார்கள். கடலிலிருந்து ஒரு துரும்பும் எடுக்காமல் வீட்டிலேயே கடல் நீரை உண்டாக்குவதுதான் முறை. அதற்கான குறிப்புகள் இவை.

1. முதலில் சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. செத்து வெளுத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். ராமேசுவரம் போன உறவினர் ஆசையாக வாங்கி வந்தார் என்றாலும் வழக்கு வழக்குதான். மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைக்கு இடமுண்டு.

2. தொண்டிக் கடல் நீரும் வேண்டாம். அது பாக் விரிகுடா. ஆழம் குறைவு, கலங்கல் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பின் அளவு சட்டென்று இறங்கிவிடும். கடையில் கிடைக்கும் மீன்தொட்டிக்கான ‘ரீஃப் சால்ட்’ வாங்குங்கள். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை கலந்து, சிறு மோட்டாரை ஒரு நாள் ஓடவிட்டு, ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. பிளாஸ்டிக் முள் காட்டும் கருவி ஏமாற்றும்.

3. தூத்துக்குடிக் கல் உப்பும் கடலில் விளைந்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. உப்பளப் பாத்தியில் கடல் நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு வடிந்துபோகிறது. நடுவில் அள்ளுவது ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடு. குழம்புக்கு அது போதும், பவளத்துக்குப் போதாது. கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேலும், மக்னீசியம் 1,250க்கு மேலும் இருக்க வேண்டும்.

4. உப்பைக் கலக்க, சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் நேரே சேர்க்காதீர்கள். குடிக்கச் சுவை தரும் தாதுக்கள் தொட்டியில் பாசியை வளர்க்கும். ஆர்.ஓ. வடிகட்டியோடு டி.ஐ. பிசின் குழாயும் சேர்த்து, டி.டி.எஸ். மீட்டரில் சுழியம் காட்டும் தண்ணீர்தான் வேண்டும். சமையலறை ஆர்.ஓ. இயந்திரங்கள் சுவைக்காகப் பழைய தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கின்றன. சிலவற்றில் செம்புச் சத்து வேறு சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது.

5. ஏன் ஆகாது என்றால், செம்பு முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு நஞ்சு. செட்டிநாட்டு வீட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பத்தா காலத்துச் செப்புக் குடம், பித்தளை அண்டா, வெண்கலப் பானை எதிலும் இந்தத் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. முற்றத்துத் தகரத் தாழ்வாரத்திலிருந்து கொட்டும் மழைநீரும் வேண்டாம். உணவுப் பொருளுக்கான பிளாஸ்டிக் டிரம் இரண்டு போதும். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர்.

6. சின்னத் தொட்டி சுலபம் என்பது தப்புக் கணக்கு. தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் வேகமாக மாறும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். தொடங்குகிறவருக்கு அதுவே சரி.

7. தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து கால் டன்னைத் தாண்டும். மரச்சட்டம் போட்ட மச்சில் வைக்காதீர்கள், தரைத்தளம்தான். முற்றத்து வெயில் நேரே விழாத உள் அறையாகப் பாருங்கள். உப்பு நீர் சிந்தினால் ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளை பூத்துப் பளபளப்புப் போய்விடும். ஸ்டாண்டுக்கு அடியில் விளிம்பு மடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். பர்மா தேக்குத் தூணிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும்.

8. பவளப் பாறை இல்லாமல் எப்படி என்றால், சுட்ட பீங்கான் பாறை கிடைக்கிறது; சிமெண்டிலும் வார்க்கலாம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் அழிந்த திட்டுகளில் பவளத்தை மீட்டு வளர்ப்பதே சிமெண்ட் அமைப்புகளின் மேல்தான். வீட்டில் வார்த்த கல்லை, தண்ணீரை மாற்றி மாற்றிப் பல வாரம் ஊறப்போட்டு, காரம் இறங்கிய பிறகே தொட்டியில் வையுங்கள்.

9. அடியில் மணல் கட்டாயமில்லை. வெறும் கண்ணாடி என்றால் துடைப்பது எளிது.

10. பாறையும் உப்பு நீரும் வைத்த உடனே மீன் விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்குத் தீனியாக உரித்த இறால் ஒன்றைப் போடலாம். நாற்றம் பொறுக்காதவர்கள் அம்மோனியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடலாம். அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்று சோதனைக் குப்பி காட்டும்வரை காத்திருங்கள். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று நடுவில் மீன் வாங்கிப் போட்டால் மீன்தான் சாகும்.

11. புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்காமல் மிச்சம் பிடிக்காதீர்கள். பருப்பு கொதிக்கையில் கரண்டியால் நுரையை வழித்துப் போடுகிறோமே, அந்த வேலையை அது இரவும் பகலும் செய்கிறது. 1960களில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிர்ப் பாறையையும் காற்றுக் குமிழையும் மட்டும் நம்பிப் பவளம் வளர்த்தார். அவருக்கு வெப்பமண்டலக் கடல் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கத் தடையும் இல்லை.

12. இந்த ஊரில் பவளத்தின் முதல் எதிரி கத்திரி வெயில். தொட்டி நீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். முப்பதைத் தாண்டி நின்றால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் அப்படித்தான் பெரிய அளவில் வெளுத்தது. கடலுக்கே தாங்காதது கண்ணாடிப் பெட்டிக்கா தாங்கும்? நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோர ஊர்களைவிடக் காற்று இங்கே வறட்சி என்பதால் பலனும் கூடுதல். ஆனால் சித்திரையில் அது மட்டும் போதாது, சில்லர் வேண்டும். விலையும் மின் கட்டணமும் கூடும். அதற்கு மனமில்லை என்றால் பவளத்தை விட்டுவிட்டு மீன் மட்டும் வளர்ப்பது உத்தமம்.

13. ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை அல்ல.

14. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை மின்சாரம் நிற்கும் நாள் வரும். விளக்கு போனால் பாதகமில்லை. நீரோட்டம் நிற்கக் கூடாது. அலை மோட்டாரை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுங்கள். மோட்டார் நின்றால் மேல் தொட்டித் தண்ணீர், கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்புக்கு இறங்கும். சம்ப்பில் அதற்கு இடம் விட்டிருக்கிறீர்களா என்று முதல் நாளே சுவிட்சை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

15. மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் தொட்டியை மாட்டாதீர்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். சொட்டு பிளக்குக்குள் போகாது. உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பது, துருப்பிடிப்பதை ஆராயும் மின்வேதியியல் நிறுவனமான ‘செக்ரி’ இருக்கும் ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்டாண்டு துருப்பிடிக்காத எஃகாகவோ, எபாக்சி பூசியதாகவோ இருக்கட்டும்.

16. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, கரப்பான் மருந்து எதுவும் அந்த அறையில் கூடாது. ஸ்கிம்மர் அறைக் காற்றை இழுத்துத்தான் நுரை எழுப்புகிறது. காற்றில் இருப்பதெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். சாமி அறைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி ஆச்சி பிரியப்பட்டால் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

17. முதல் மீன் கோமாளி மீனாக இருக்கட்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) நிலையத்தில் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைக் கண்டு வைத்திருக்கிறார்கள். கடலில் வலைபோட்டுப் பிடித்ததைவிடப் பண்ணைக் குஞ்சு நன்றாகத் தீனி எடுக்கும், நோயும் குறைவு. பெரிதும் சிறிதுமாக இரண்டு குஞ்சு வாங்குங்கள். எல்லாமே ஆணாகத்தான் வளரும். ஜோடியில் பெரியது பின்னால் பெண்ணாக மாறிவிடும். கடல் தாமரை இல்லாமலும் அவை வாழும். புது மீனை மூன்று நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். செம்பு கலந்த மருந்து கொடுப்பதானால் அங்கேயே கொடுத்து முடித்துவிடுங்கள்.

18. பவளம் என்றால் மென்பவளம், காளான் பவளம், பொத்தான் வடிவ ஜோயாந்தஸ் வகைகளைப் பில்லோடு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளலாம். ஜோயாந்தஸ் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்டக் கூடாது. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்க்கும். குழந்தைகள் கை விடாதபடி மூடி போடுங்கள்.

19. எல்.இ.டி. விளக்கை முதல் மாதம் பாதி வெளிச்சத்தில், எட்டு மணி நேரம்.

20. சிங்கப்பூரில் கல் பவளம் வளர்க்கும் நம்மவர்கள் கால்சியத்துக்காக இரவில் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டவிடுவதைப் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பை எடுக்காதீர்கள். தூய கால்சியம் ஹைட்ராக்சைடுதான் ஆகும். மென்பவளத் தொட்டிக்கு அதுவும் தேவைப்படாது. வாரம் பத்து சதவீதம் நீர் மாற்றினாலே போதும்.

21. மாற்றி எடுத்த உப்பு நீரைச் செடிக்கோ ஊருணிப் பக்கமோ கொட்டாதீர்கள், சாக்கடையில் விடுங்கள்.

22. தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் உயிர்களைக் கடலில் கொண்டுபோய் விடவே கூடாது. பாக் விரிகுடாவில் பயிராகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுக்குப் பரவி, பவளங்களின் மேல் மூடிப் படர்ந்தது. அதைக் கையால் பிய்த்தெடுக்க வேண்டியதாயிற்று. வேறு தொட்டி வைத்திருப்பவரிடமோ, வாங்கிய கடையிலோ கொடுத்துவிடுங்கள்.