ஒரு காகிதம் இல்லாமல் நான்கு நாள்

இத்தாலியின் தெற்கே பிரிந்திசி விமான நிலையம். வாடகைக் கார் கவுன்ட்டரில் இருந்த பெண் என் வீட்டுக்காரரின் லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “இன்டர்நேஷனல் பெர்மிட் எங்கே?” என்றாள். இல்லை என்றோம். லைசென்ஸை எங்கள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் மணி ஆறரை. பக்கத்தில் 74 வயது மாமியார், காலைத் தேய்த்தபடி பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நான்கு நாளைக்கு முன்கூட்டியே கட்டியிருந்த 236 யூரோ திரும்ப வராது. போய்ச் சேர வேண்டிய இடமோ இன்னும் ஐம்பது கிலோமீட்டர்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆறாததற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே, இந்த பெர்மிட் வேண்டுமா என்று நான் கேட்டேன். என் கொழுந்தனார்தான் சொன்னார்: “அண்ணி, அதெல்லாம் எதுக்குங்க? நம்ம லைசென்ஸ் இங்கிலீஷ்லயே இருக்குது. நான் லண்டன்ல மூணு மாசம் ஓட்டினேன், ஒருத்தர் கேக்கலையே.” அவர் சொன்னது பொய் இல்லை. பிரிட்டனில் நம் லைசென்ஸை வைத்தே ஒரு வருஷம் வரை ஓட்டலாம். இத்தாலியில் அப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய லைசென்ஸ் என்றால், அதனுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ முறையான இத்தாலிய மொழிபெயர்ப்போ இருந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பது அங்கே ஒரு தகுதியே கிடையாது. ஒரு நாட்டில் ஓட்டியவர் அந்த ஒரு நாட்டைப் பற்றித்தான் சொல்ல முடியும். அவர் பேச்சை நம்பி, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகாமல் விட்டது என் தப்பு. ஆனால் ஊருக்கு வந்த பிறகு ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே, “ரோம்ல ரூம் போட்டிருந்தா கார் எதுக்குங்க? காட்டுக்குள்ள போய்த் தங்கினா இப்படித்தான்” என்றார். அதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் பிறந்தது காங்கேயம் பக்கம், கிளுவை வேலிக்கு நடுவே இருந்த ஒரு சாளையில். வாழ்க்கைப்பட்டது பொள்ளாச்சியில், தென்னந்தோப்பில். பிறந்த வீட்டுச் சாளையை 2009-ல் இடித்துவிட்டார்கள். கட்டுத்தரை, குதிர், களம் எதுவும் இப்போது இல்லை. அதனால்தான், லண்டனில் இருக்கும் மகள் “உங்களுக்கு ஐரோப்பாவில் எங்கே போகணும்?” என்று கேட்டபோது, பழைய விவசாய வீட்டை இடிக்காமல் செப்பனிட்டுத் தங்க விடுகிற இடம் ஏதாவது பார் என்றேன். அவள் கண்டுபிடித்ததுதான் அபுலியாவின் மஸ்ஸெரியா.

இத்தாலி வரைபடத்தைப் பூட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் குதிகால் பகுதி அபுலியா. அங்கே பெரிய பண்ணைகளின் நடுவே இருக்கும் கல் வீட்டுக்கு மஸ்ஸெரியா என்று பேர். பாதி வீடு, பாதி கோட்டை. 1480-ல் ஒட்டோமான் படை ஒத்ராந்தோவில் இறங்கிய கரை அது. அதற்குப் பிறகும் கடற்கொள்ளைக்காரர்கள் பயம் நீண்ட காலம் தீரவில்லை. அதனால் பண்ணைக்காரர்கள் ஜன்னலைச் சின்னதாக வைத்து, மதிலை உயர்த்தி, வாசலுக்கு நேர் மேலே ஒரு கல் மாடத்தை முன்னே தள்ளிக் கட்டினார்கள். அதன் அடியில் துளை. கதவை உடைக்க வருகிறவன் தலையில் மேலேயிருந்து கல்லைப் போடலாம், எதையாவது கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம். அந்தத் துளைக்குக் கீழே நின்றுகொண்டுதான் இரவு எட்டே முக்காலுக்கு நாங்கள் மணியடித்தோம். டாக்சிக்கு 130 யூரோ ஆகியிருந்தது.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். ஓட்டலின் விலாசத்தில் ஃபசானோ என்றோ ஒஸ்தூனி என்றோ ஊர்ப்பேர் இருக்கும். ஊருக்குள் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நம் தோட்டத்துக்கு ஊர்ப்பேர் போட்டுக் கடிதம் வருகிற மாதிரிதான் அதுவும். பாரி–லெச்சே ரயில் பாதையில் இரண்டு ஊருக்கும் ஸ்டேஷன் உண்டு; ஆனால் அந்த ஸ்டேஷன்களும் ஊரைவிட்டுத் தள்ளித்தான் இருக்கின்றன. அங்கிருந்து மஸ்ஸெரியாவுக்கு, இரண்டு பக்கமும் கல்லடுக்குச் சுவர் வைத்த ஒற்றை வண்டிப் பாதை. நடைபாதையும் கிடையாது, விளக்கும் கிடையாது. கையைக் காட்டினால் நிற்கிற டாக்சியும் இல்லை. போன் செய்துதான் வரவழைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் லேசில் கிடைக்காது. கார் இல்லாமல் அங்கே இருப்பது, சைக்கிள்கூட இல்லாமல் தோட்டத்துச் சாளையில் இருப்பதற்குச் சமம்.

விசா, விமானம், இன்ஷூரன்ஸ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். லண்டன் போக பிரிட்டன் விசா, அங்கிருந்து இத்தாலி போகத் தனியாக ஷெங்கன் விசா. இரண்டையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அறை கேட்கும்போது மட்டும் வாயைத் திறந்து கேளுங்கள். உங்களோடும் ஒரு பெரியவர் வரலாம். பழைய கட்டடத்தில் லிஃப்ட் இருக்காது. எங்களுக்குக் கொடுத்தது மாடி அறை. தேய்ந்து வழுக்குகிற கல் படி 22. மறுநாள் சண்டை போட்டுத்தான் கீழே மாற்றிக்கொண்டேன். கீழ் அறை முன்னே மாட்டுக் கொட்டிலாக இருந்ததாம். அதுதான் அருமையான அறை. ஒரு மீட்டருக்கு மேல் கனமான சுவர், வெள்ளைச் சுண்ணாம்பு, உத்தரமே இல்லாமல் நட்சத்திர வடிவத்தில் கூடுகிற கல் வளைவுக் கூரை. பகல் வெயில் உள்ளே வராது. போன் சிக்னலும் வராது. மே மாதமாக இருந்தும் ராத்திரி குளிர்ந்தது. ஒரு சால்வை எடுத்துப் போங்கள்.

சாப்பாடு பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். நாங்கள் மூவரும் சைவம். ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. ஃபாவா என்று மொச்சை மாதிரி ஒரு பயறு. காய்ந்த பயறைத் தோல் நீக்கிக் குழைய வேகவைத்துக் கடைந்து, பக்கத்தில் சிக்கோரியா என்கிற கசப்புக் கீரையை வதக்கி வைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். ஏழை விவசாயிகளின் சாப்பாடாக இருந்தது இப்போது ஓட்டல் மேசைக்கு வந்திருக்கிறது. மாமியார் ஒரு வாய் வைத்ததும், “மொச்சைக் கடையலாட்டம் இருக்குது கண்ணு, கொஞ்சம் மிளகாய் கேளு” என்றார். ஆனால் காது வடிவத்தில் இருக்கும் ஒரேக்கியெத்தே பாஸ்தாவைக் கீரையோடு தருவார்களே, அதில் உப்பு நெத்திலியைக் கரைத்துவிடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாது. “சென்ஸா அச்சூகே”, நெத்திலி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு முன்னால் கிடைக்காது. சர்க்கரை வியாதிக்காரர்கள் பையில் ஏதாவது வைத்திருங்கள்.

கார் இல்லாததால் மத்தேரா நகரம் பார்க்கவில்லை. லெச்சே பார்க்கவில்லை. டிரைவரோடு ஒரு கார் பேசி, 190 யூரோ கொடுத்து, அரைநாள் ஆல்பெரொபெல்லோ மட்டும் போய்வந்தோம். சாந்தே இல்லாமல் சுண்ணாம்புக்கல்லை அடுக்கிக் கூம்புக் கூரை போட்ட த்ருல்லி வீடுகள், 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. கூட்டம் நெரித்தது. இரண்டு மணி நேரத்தில் மாமியாரே திரும்பலாம் என்றுவிட்டார்.

மீதி நேரம் முழுக்கப் பண்ணையில்தான். அங்கே ஒரு பெரியவர். தோப்பு வேலையிலேயே தலை நரைத்தவர். திங்கட்கிழமை காலையில் எங்களைப் பாறைக்குள் குடைந்த பழைய செக்குக்குக் கூட்டிப் போனார். வரவேற்பில் இருந்த பெண் அவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். எண்ணெய்ச் செக்கை ஏன் நிலத்துக்கு அடியில் வைத்தார்கள் என்றால், குளிரில் ஆலிவ் எண்ணெய் உறைந்துவிடும். பாறைக்குள் வெதுவெதுப்பு மாறாது. கோவேறு கழுதையைக் கட்டிக் கல்லைச் சுற்ற வைப்பார்கள். ஆட்கள் பருவம் முடியும்வரை மாதக்கணக்கில் கீழேயே கிடப்பார்கள். தலைமை ஆளுக்கு நக்கீரோ என்று பேர். கப்பல் தலைவனைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததாம். என் காதில் அது நக்கீரர் என்றே விழுந்தது. அந்த எண்ணெயில் பெரும்பகுதி சாப்பிடுவதற்கு இல்லை, விளக்கெரிக்க. கல்லிப்போலி துறைமுகத்தில் ஏற்றி லண்டன் வரை போனது. சுவரில் விளக்கு மாடத்துக் கரி இன்னும் இருக்கிறது. அதைத் துடைக்காமல் விட்டிருந்தார்களே, அதற்காகவே அந்த ஓட்டல்காரரை நான் மதிக்கிறேன்.

மேலே வந்ததும் தோப்பு. முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி அடிமரம்; சிலது உள்ளே பொந்து விழுந்து ஆள் புகுந்து நிற்கலாம். பல நூறு வயது மரங்கள். அவற்றைப் பிடுங்கக் கூடாது என்று 2007-ல் அந்த மாகாணம் சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவர் மரத்தைக் காட்டிவிட்டுத் தெற்கே கையை நீட்டினார். 2013-ல் கல்லிப்போலி பக்கம் ஸைலெல்லா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. நுரை கட்டுகிற ஒரு சின்னத் தத்துப்பூச்சி மரத்துக்கு மரம் பரப்புகிறது. தண்ணீர் ஏறும் குழாய் அடைத்து, கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். குணப்படுத்த மருந்து இல்லை. லட்சக்கணக்கான மரங்கள் போய்விட்டன. வருஷா வருஷம் வடக்கே ஏறி வருகிறது.

என் வீட்டுக்காரர் பேசாமல் போனை எடுத்தார். வேர் வாடல் நோயில் போன எங்கள் தென்னைகளின் படத்தைக் காட்டினார். ஓலை தொங்கி, குரும்பை உதிர்ந்து, வெட்டிப் போட்டது வரை. அதையும் ஒரு பூச்சிதான் பரப்புகிறது, அதற்கும் மருந்து இல்லை. பெரியவர் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். “குவாந்தி?” என்றார். எத்தனை என்று கேட்கிறார் என யாரும் சொல்லாமலே புரிந்தது. இவர் நிலத்தில் குச்சியால் 140 என்று எழுதினார். அந்த மனிதர் இவர் தோளில் கை வைத்து, வெகுநேரம் எடுக்கவில்லை.

ரோமில் ரூம் போட்டிருந்தால் இது கிடைத்திருக்குமா என்று என் கொழுந்தனார் யோசிக்கட்டும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. பெர்மிட் எடுக்காமல் போனதுதான் தப்பு. இரண்டையும் சேர்த்துப் பேசக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மஸ்ஸெரியா என்ற பெயர் இருப்பதெல்லாம் உயிருள்ள பண்ணை இல்லை. நீச்சல் குளமும் ஸ்பாவும் வைத்த வெறும் ஓட்டல்களும் அதே பெயரில் இருக்கின்றன. விவசாயம் நடக்கிற இடம்தான் வேண்டும் என்றால், அக்ரிதூரிஸ்மோ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். 1985 முதல் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. விவசாயம் செய்கிறவர்தான் அந்தப் பெயரில் விருந்தினரை வைக்கலாம். ஓட்டல் அனுப்பும் மின்னஞ்சலையும் கடைசி வரி வரை படியுங்கள். விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புவோம், 48 மணி நேரம் முன்னால் சொல்லுங்கள் என்று எங்களுக்கு எழுதியிருந்தார்கள். கார்தான் பேசியாகிவிட்டதே என்று நான் அதைப் படிக்கவே இல்லை.

வீணான வாடகை 236, வரப் போக டாக்சி 260, அரைநாள் கார் 190. மொத்தம் 686 யூரோ. சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு அரசாங்கக் கட்டணம் 1000 ரூபாய். லைசென்ஸ் எந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கிறதோ அங்கே கிடைக்கும். பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். ஒரு வருஷம் செல்லும். கார் எடுக்கும்போது அதோடு அசல் லைசென்ஸும், ஓட்டுகிறவர் பேரிலேயே கிரெடிட் கார்டும் இருக்க வேண்டும். விசா கைக்கு வந்த அன்றைக்கே போய் விண்ணப்பித்துவிடுங்கள். யார் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.