தொட்டியின் அடியில் மணல்

கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே உள்ள கியா பார்மில் தங்கமீன் வளர்க்க, நீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை. தொட்டிக்கு மணலா, சரளைக்கல்லா என்பதே கேள்வி. தங்கமீன் அடித்தளத்தை வாயால் கிளறி இரை தேடும். பட்டாணி அளவுக் கல் தொண்டையில் சிக்கிக்கொள்வதுண்டு. ஆகவே, வழவழப்பான ஆற்றுமணலே நல்லது. புதுமணலை வாளியிலிட்டு, நீர் தெளியும்வரை அலசவேண்டும். சவர்க்காரம் கூடவே கூடாது.

பழைய மணலில்தான் பலரும் தவறுகின்றனர். பளிச்சென்று இருக்கட்டும் என்று குழாய்நீரில் தேய்த்துக் கழுவுவர். சில நாளில் மீன் செத்து மிதக்கும். மீன்கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சாகும். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் மணலில் ஒட்டி வாழ்கின்றன. குழாய்நீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே, அழுக்குப் போக இலேசாக அலசினால் போதும்.