அளவும் அலகும்

அறிவியலுக்கும் வாணிபத்துக்கும் ஆட்சிக்கும் பொதுவான அடித்தளம் அளவையே ஆகும். ஓர் அளவில் எண், அலகு என இரு கூறுகள் உண்டு. அலகு இல்லாத எண் பொருளற்றது. அலகைத் தவறாகக் கொண்ட எண்ணோ கேடு விளைவிப்பது. இவ்வுண்மையை விளக்கத் திருவனந்தபுரம் பொருத்தமான நகரம்.

வானாய்வுக் கூடம்

சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் 1837-ஆம் ஆண்டில் இந்நகரில் வானாய்வுக் கூடம் நிறுவப்பட்டது. ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், பூமியின் காந்தப் புலத்தை ஆண்டுக்கணக்கில் இடைவிடாது பதிவு செய்தார். காந்த நடுக்கோடு இப்பகுதிக்கு அருகே செல்வதே இதன் சிறப்பு. அகத்தியமலை உச்சியிலும் அவர் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இதே காந்த நடுக்கோடுதான் தும்பாவைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது.

கருவியும் நுட்பமும்

எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு அதன் மீச்சிற்றளவு எனப்படும். சாதாரண அளவுகோலுக்கு அது 1 மில்லிமீட்டர். பள்ளி ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவிக்கு 0.1 மில்லிமீட்டர், திருகு அளவிக்கு 0.01 மில்லிமீட்டர். ஆகவே மேசையின் நீளத்துக்கு அளவுகோல் போதும். மெல்லிய கம்பியின் விட்டத்துக்குத் திருகு அளவி வேண்டும்.

அளக்குமுன் கருவி சுழியைக் காட்டுகிறதா என்று பார்த்தல் முதற்கடமை; காட்டாவிடில் அப்பிழையைக் கணக்கில் கொண்டு திருத்த வேண்டும். அளவுருளையில் நீரை அளக்கும்போது, நீர்மட்டத்தின் வளைவின் அடிப்பகுதிக்கு நேராகக் கண்ணை வைத்துப் படித்தல் வேண்டும். மேலிருந்து நோக்கினால் ஓர் அளவும், கீழிருந்து நோக்கினால் வேறோர் அளவும் கிடைக்கும்.

பல அளவைகளிலிருந்து ஒன்றுக்கு

திருவிதாங்கூரில் 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். நெல்லை நாழி, இடங்கழி, பறை என அளந்தனர். பறையின் கொள்ளளவு இடத்துக்கு இடம் மாறியது. இத்தகைய குழப்பத்தில் இழப்பு பெரும்பாலும் எளியவருக்கே நேர்ந்தது. 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரச் சட்டம் நாடு முழுவதற்கும் மெட்ரிக் முறையை வகுத்தது. 1957 ஏப்ரல் முதல் நாளில் தசம நாணயமும், 1958 அக்டோபர் முதல் படிப்படியாகப் புதிய எடைகளும் நடைமுறைக்கு வந்தன. இன்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இத்துறையை நெறிப்படுத்துகிறது.

மாற்றும் முறை

மெட்ரிக் முறைக்குள் மாற்றுவது எளிது. பத்தின் அடுக்குகளால் பெருக்கினாலோ வகுத்தாலோ போதும். 2.5 கிலோகிராம் என்பது 2,500 கிராம். பழைய அலகிலிருந்து மாற்றும்போது உரிய காரணியால் பெருக்க வேண்டும். ஓர் அடி 0.3048 மீட்டர். அகத்தியமலையின் உயரமான 6,129 அடியை இதனால் பெருக்கினால் ஏறத்தாழ 1,868 மீட்டர் வரும்.

பரப்பளவில் எச்சரிக்கை தேவை. நீளத்தின் காரணியைப் பரப்பளவுக்கு அப்படியே பயன்படுத்துதல் கூடாது. அதனை இருமடிக்க வேண்டும். எனவே ஒரு சதுர அடி 0.0929 சதுர மீட்டரே; 0.3048 அன்று.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் ஊராட்சிப் பகுதிகளில் குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் நிலம் வரை உரிமை பெற வழி செய்தது. மக்கள் பேச்சில் நிலம் இன்றும் சென்ட்தான். ஆவணத்திலோ ஆர், சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஓர் ஆர் 100 சதுர மீட்டர். எனவே பத்து சென்ட் என்பது ஆவணத்தில் ஏறத்தாழ 4 ஆர் 5 சதுர மீட்டராகத் தோன்றும். இந்த நான்கு ஆரை நான்கு சென்ட் என்று கருதி விற்பவர், தம் மனையில் ஆறு சென்ட்டை விலையின்றி இழப்பார். கன்னியாகுமரி மாவட்டம் உள்ளிட்ட தமிழகப் பகுதிகளிலும் பட்டாவைப் படிப்போர் இக்கணக்கை அறிந்திருத்தல் நலம்.

வல்லுநரும் இத்தவற்றுக்கு விலக்கல்லர். 1999-இல் அமெரிக்காவின் செவ்வாய்க் கோள் ஆய்வுக்கலம் ஒன்று அழிந்தது. ஒரு குழு பவுண்டு அலகில் தந்த விசைக் கணக்கை, மற்றொரு குழு நியூட்டன் அலகாகக் கொண்டதே காரணம்.

கடமை

கடைத் தராசில் அரசு முத்திரை உள்ளதா என்று பார்ப்பதும், பெட்ரோல் நிலையத்தில் ஐயம் எழுந்தால் ஐந்து லிட்டர் அளவையால் சரிபார்க்கக் கோருவதும் நுகர்வோரின் உரிமை. சட்டம் அளவைத் தரப்படுத்தலாம். அதைப் படிக்கும் பயிற்சியைப் பள்ளிகளே தர வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் அருகே அலகை எழுதும் பழக்கமே அப்பயிற்சியின் முதற்படியாகும்.