சிறுகுறிஞ்சானை நம்பி மாத்திரையை விடலாமா?

கேள்வி: சிறுகுறிஞ்சான் இலை சர்க்கரையைக் குறைப்பது ஆய்விலேயே தெரிந்துவிட்டது என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகர், இண்டூர், தருமபுரி மாவட்டம்)

பதில்: நிறுத்தாதீர்கள். ஆய்வு என்ற ஒரு சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன. இலைச்சாறு பட்டு ஒரு கரைசலின் ஊதா நிறம் மங்கினால் அதற்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பார்கள். தேநீரும் அதைச் செய்யும். கணையத்தைக் கெடுத்த எலிக்குச் சர்க்கரை இறங்குவது அடுத்த படி. மனிதரிடமும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் சண்முகசுந்தரம் குழுவினர், இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் இலைச்சத்தை 18 முதல் 20 மாதம் கொடுத்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் மீதி 17 பேர் மாத்திரையை விடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். போலி மருந்தோடு, யாருக்கு எது என்று மறைத்து ஒப்பிட்ட சோதனையும் அல்ல அது.

தலைமுறைகளாகத் தின்ற இலை என்ன கெடுதல் செய்யும் என்று கேட்கலாம். மென்றால் நாக்கில் இனிப்பு மரத்துப்போவதை முன்னோர் சரியாகவே கண்டார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை அளக்கும் வழி அவர்களிடம் இல்லை. மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். ஆகவே மருத்துவரிடம் சொல்லி, அளந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள்.