டிஸ்ப்ளே வரவில்லையா? தொழில் பழகும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் பழகிக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். புது மிஷின். ஃபேன் சுற்றுகிறது, கேபினெட்டில் விளக்கெல்லாம் எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. வாங்கியவர் பக்கத்திலேயே நின்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் “கிராபிக்ஸ் கார்டு போச்சு” என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத ஊர் நம்முடையது. அந்த நாட்களையும் சமாளித்து மிச்சம் பிடித்த பணத்தில் மகனின் அனிமேஷன் படிப்புக்கோ மகளின் எடிட்டிங் வேலைக்கோ வாங்கிய கார்டு அது. நல்ல கார்டைக் கெட்டது என்று சென்னைக்குத் திருப்பி அனுப்பினால், அந்த வீட்டில் எத்தனை நாள் கவலை என்று நினைத்துப் பார். செலவில்லாத சோதனையை முதலில் செய். காசு பிடிக்கிற சோதனை கடைசியில் இருக்கட்டும்.

1. மானிட்டர் கேபிள் எதில் சொருகியிருக்கிறது என்று பார். மதர்போர்டின் பின்புறமும் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், கார்டிலும் இருக்கும். கார்டு போட்ட மிஷினில் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். ஐ5-12400எஃப் மாதிரி ‘எஃப்’ போட்ட இன்டெல் பிராசஸரிலும், ரைசன் 5 5600-லும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் மதர்போர்டு போர்ட்டிலிருந்து படம் வரவே வராது. அதே ரைசனில் 5600ஜி என்றால் வரும். இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தை மனப்பாடமாக வைத்துக்கொள். மானிட்டரில் சோர்ஸ் சரியாக இருக்கிறதா, கேபிள் நல்லதா என்பதையும் இப்போதே பார்த்துவிடு.

2. பொறு. டிடிஆர்5 ராம் போட்ட போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும். பயந்துபோய் நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

3. கார்டுக்குப் பவர் போகிறதா? ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் இன்னொரு 75 கொடுக்கும், 8 பின் கேபிள் 150 கொடுக்கும். 170 வாட் கேட்கிற ஆர்டிஎக்ஸ் 3060-ஐ ஸ்லாட்டை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. ஒரு 8 பின் சேர்ந்தால் 225 ஆகிவிடும், போதும். எஸ்எம்பிஎஸ்-இலிருந்து வரும் 8 பின் கேபிள்களில் 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் பக்கத்தில் இருக்கும். நுழையவில்லை என்றால் அது தப்பான கேபிள். பலத்தைக் காட்டாதே.

4. கார்டு ஸ்லாட்டில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லாதே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிராசஸருக்கு அருகில் உள்ள நீளமான ஸ்லாட்டில் கார்டை இரண்டு கையாலும் சமமாக அழுத்து. ஸ்லாட்டின் கோடியில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் கொக்கி ‘டிக்’ என்று விழுந்து கார்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தங்க நிறப் பட்டை எங்காவது வெளியே தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார். ஒரு முனையில் மட்டும் தெரிந்தால் கார்டு சாய்ந்திருக்கிறது. விலை குறைந்த கேபினெட்டின் தகடு வளைந்திருக்கும், கார்டின் இரும்புப் பட்டி அதில் முட்டும். அதைச் சரிசெய்யாமல் ஸ்குரூவை முடுக்கினால், உட்கார்ந்த கார்டையும் ஸ்குரூவே தூக்கிவிடும். ராமையும் இதே கையோடு பார்த்துவிடு. நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்.

5. மதர்போர்டு உன்னிடம் பேசும், கேள். இன்றைய பல போர்டுகளில் ஓரமாகச் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு சின்ன விளக்கு இருக்கும். எது எரிந்தபடியே நின்றுவிட்டதோ கோளாறு அந்தப் பக்கம். டிராமில் நின்றிருக்கும்போது கார்டைக் குறை சொல்வது அநியாயம். விளக்கு இல்லாத போர்டில் சின்ன ஸ்பீக்கரை மாட்டினால் பீப் சத்தம் வரும். ஒரு நீளமும் இரண்டு குட்டையும் என்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ்தான்.

6. இது கடற்கரைக்கே உரிய விஷயம், நிதானமாகப் படி. கோவையில் தொழில் பழகியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. காரைக்குடியில் உள்ள மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிக்கத் தன் நிலையத்தை மண்டபத்தில் வைத்திருக்கிறது. அவ்வளவு கடுமையானது நம் உப்புக்காற்று. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு இந்தக் காற்றோடு நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. பாலத்தையே அரிக்கிற காற்று, கார்டின் பட்டையில் உள்ள மயிரிழையைவிட மெல்லிய தங்கப் பூச்சை விட்டுவைக்குமா?

கார்டின் தங்கப் பட்டையில் மேலே தங்கம், அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்பும் ஈரமும் அந்தத் துளை வழியே செம்பைத் தொட்டால் பச்சை நிறத்தில் பொடி கிளம்பும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பட்டையின் விளிம்பில் ஊசிமுனை அளவில் பச்சைப் புள்ளி தெரியும். தொடர்பு விட்டுப்போக அதுவே போதும். பெட்டியைப் பிரித்து ஜன்னலோரம் நாள்கணக்கில் போட்டுவைத்த கார்டிலும், வியர்வைக் கையால் பட்டையைத் தொட்ட கார்டிலும் இந்தத் தொல்லை சீக்கிரம் வரும்.

பென்சில் ரப்பரால் தேய்க்கிற பழக்கம் நம் தொழிலில் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. அழுக்கோடு தங்கத்தையும் தேய்த்து எடுத்துவிடும். இன்றைக்கு டிஸ்ப்ளே வந்துவிடும், அடுத்த மழைக்காலத்துக்குள் செம்பு வெளியே வந்து நிற்கும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு பிரியாத துணியில் தொட்டு ஒரே திசையில் துடை, முழுதாகக் காயவிட்டு மாட்டு. ஏசி அறையிலிருந்து வெளிக்காற்றுக்கு வந்த கார்டில் ஈரம் பூத்திருக்கும். அதைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு ஆன் செய்.

7. செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கூடுதல் கவனம். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்குக் கார்டு வைத்து மைனிங் செய்வது நின்றுபோனபோது, அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. ஹீட் சிங்க் துடுப்புகளின் நிறத்தையும், ஸ்குரூவில் துரு இருக்கிறதா என்பதையும் பார்க்காமல் வாங்க விடாதே.

8. பயாஸ் சில சமயம் காரணமாகும். 2012-க்கு முந்தைய பல கார்டுகளுக்கு யுஇஎஃப்ஐ மொழி தெரியாது. புது போர்டில், பழைய கார்டுகளை ஏற்கவைக்கிற சிஎஸ்எம் என்ற பயாஸ் வசதி அணைந்திருந்தால் படம் வராது. சில புது போர்டுகளில் சிஎஸ்எம் வசதியே கிடையாது. கடையில் வெகுநாள் கிடந்த பி450 போர்டில் ரைசன் 5000 போட்டால், பயாஸை அப்டேட் செய்யும்வரை மிஷின் எழாது. பிளக்கைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு காசும் ஆகாது.

9. எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறும். எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் வழியாகக் கிட்டத்தட்ட 115 வோல்ட் அந்தத் தகட்டில் நிற்கிறது. கரண்ட் மிகக் குறைவுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற மிஷினில் எச்டிஎம்ஐ சொருகும்போது அது போர்ட்டைக் கொன்றுவிடலாம். ஆஃப் செய்து, பிளக்கை எடுத்துவிட்டுச் சொருகு. எர்த் போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் வலியுறுத்து. வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும் என்பதையும் அவரிடம் சொல்.

10. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்று. ராம், கேபிள், பயாஸ் மூன்றையும் ஒன்றாக மாற்றி டிஸ்ப்ளே வந்துவிட்டால், எது கோளாறு என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் உன்னால் சொல்ல முடியாது.

11. “என்ன தம்பி, போச்சா?” என்று ராமேஸ்வரத்து அண்ணனோ கீழக்கரைக் காக்காவோ கேட்டால், “இன்னும் பார்க்க வேண்டியது இருக்குண்ணே” என்று உள்ளதைச் சொல். நன்றாக ஓடுகிற வேறொரு மிஷினில் அந்தக் கார்டை மாட்டி, அங்கேயும் இருட்டு, அவருடைய மிஷினில் வேறு கார்டு போட்டால் வெளிச்சம் என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகே கார்டு பழுது என்று சொல்லலாம். பார்த்ததை அவருக்கே காட்டு.

அனுப்பத்தான் வேண்டும் என்றால் சீரியல் நம்பரையும் தங்கப் பட்டையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள். துருவையும் நீர்க்கறையையும் காட்டி வாரண்டியை மறுக்கிற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, பில் நகலோடு அன்றைக்கே பார்சல் போடு.