ஐப்பசிக் காய்ச்சலுக்கு நாளை எண்ணுங்கள், போன இடத்தைச் சொல்லுங்கள்

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ்நாட்டுக்கு அடைமழை மாதங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் காய்ச்சல் வரிசை நீளுவதும் இந்த மாதங்களில்தான். வரிசையில் நிற்கிறவர்கள் சொல்வதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. ஆனால் ஒருவருக்கு அது வீட்டுத் தொட்டியில் பிறந்த கொசுவால் வந்திருக்கும். அடுத்தவருக்கு வரப்பில் எலி விட்ட சிறுநீரால். இன்னொருவருக்குப் புதரோரம் ஏறிய ஒரு பூச்சிக் குஞ்சால். கடைசியில் நிற்பவருக்குக் குடிதண்ணீரில் கலந்த சாக்கடையால்.

முதலாமவருக்கு நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து என்று ஒன்று கிடையாது. நீராகாரமும் கண்காணிப்பும்தான் வைத்தியம். மூன்றாமவருக்குச் சரியான மாத்திரை விழுந்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தவறான மாத்திரை எத்தனை விழுந்தாலும் இறங்காது. ஆகவே இந்தப் பருவத்தில் முதலில் விட வேண்டிய பழக்கம், மெடிக்கல் ஷாப்பில் போய் “காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க” என்று கேட்பது. அந்தப் பொட்டலத்தில் காய்ச்சல் மாத்திரையோடு வலி மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, சில நேரம் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். காய்ச்சல் தற்காலிகமாக அடங்கும். உள்ளே நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது டாக்டருக்கும் தெரியாமல் மறைந்துபோகும்.

காய்ச்சல் தொடங்கிய அன்றே

மாதக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடுங்கள். தினசரி காலண்டரில் எழுதினால் மறுநாள் காலை கிழித்துவிடுவோம். இந்தத் தேதி ஏன் முக்கியம் என்பது டெங்கு பற்றிச் சொல்லும்போது விளங்கும். அதன் பக்கத்திலேயே, கடந்த இரண்டு வாரத்தில் எங்கெங்கே போனோம், எதில் கால் வைத்தோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: வயலில் இறங்கியது, முழங்கால் தண்ணீரில் நடந்தது, விறகு பொறுக்கப் போனது, ஆடு மேய்த்தது, ஊருக்குப் போய் வந்தது, வீட்டிலோ தெருவிலோ வேறு யாருக்காவது காய்ச்சல் இருந்தது. நெரிசலில் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எந்த ரத்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இந்த விவரம்தான்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், அடுத்த வேளைக்குக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி. குழந்தைக்கு வயதை வைத்துக் கொடுக்காதீர்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே கணக்கு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மூன்றையும் இந்தக் காலத்தில் காய்ச்சலுக்கோ வலிக்கோ தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அவை அதிகமாக்கும். இருதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். “ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்” என்று வற்புறுத்துகிறவர்கள் நம்மில் அதிகம். தட்டணு குறைந்திருக்கும் உடம்பில் இடுப்பிலோ கையிலோ போடும் ஊசி, சதைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ள இடம் கொடுக்கும்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் காய்ச்சல் கண்ட அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மற்றவர்கள் இரண்டாம் நாளைத் தாண்டிக் காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சல் விட்ட நாள்தான் கவனம்

டெங்குவில் பலர் ஏமாந்துபோகும் இடம் இது. மூன்று நாள், நான்கு நாள் காய்ச்சல் அடிக்கும். பிறகு உடம்பு குளிர்ந்துவிடும். “விட்டுருச்சு” என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். ஆனால் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரம் ஆபத்தான கட்டம். தேதியை வட்டமிடச் சொன்னது இதற்காகத்தான்.

அந்த இரண்டு நாளில் நோயாளியைத் தனியே தூங்கவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம் போவது, கைகால் சில்லிட்டுப்போவது, மூச்சு வாங்குவது, குழந்தை சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரையும் கவனியுங்கள். ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் உடம்பில் நீர் போதவில்லை.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் போதாது. உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர், ரசம், ஓ.ஆர்.எஸ். என்று மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். இருதயக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் டெங்கு என்றாலே எல்லோரும் பேசுவது ‘கவுண்ட்’ பற்றித்தான். தட்டணு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கியதும் உறவினர்கள் ரத்தம் தேட ஓடுகிறார்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு, எண்ணிக்கை மிகமிகக் கீழே போனாலொழிய, தட்டணு ஏற்றத் தேவையில்லை, தானாகவே ஏறிவிடும். டாக்டர் அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்ற வரியையும் பார்க்கிறார். அது ஏறிக்கொண்டே போனால் ரத்தத்திலிருந்து நீர் வெளியேறுகிறது என்று பொருள். பப்பாளி இலைச் சாறு பற்றியும் கேட்பார்கள். கசப்பில் வாந்தி எடுக்க வைத்து, குடித்த கஞ்சியையும் வெளியே தள்ளும் எதையும் இந்த நாட்களில் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள், குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

முன்பு ஒருமுறை டெங்கு வந்தவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்குத்தான் எதிர்ப்பு நிலைக்கும். இரண்டாம் முறை வேறு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

கொசுவைப் பொறுத்தவரை, தெருச் சாக்கடையைக் காட்டி நகராட்சியைத் திட்டுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், டெங்கு அதில் சேராது. ஏடிஸ் கொசு தேடுவது நல்ல தண்ணீரை. பகலில் கடிக்கும், அதிக தூரம் பறக்காது. அதாவது உங்களைக் கடித்தது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். முட்டையைத் தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பாத்திரச் சுவரில் இடும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் காய்ந்தே கிடக்கும். அடுத்த மழையில் பொரியும். ஆகவே கொட்டினால் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டுப் பத்து நாள் பிடிக்கும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்த்தால் கொசு ஆவதற்குள் அறுத்துவிடலாம்.

எங்கே தேய்ப்பது? மூடி உடைந்த சின்டெக்ஸ் டேங்க், சம்ப், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், பூந்தொட்டித் தட்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி, பயன்படுத்தாத ஆட்டுக்கல் குழி, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை. கட்டிடம் கட்டுகிறவர்கள் தேக்கி வைக்கும் தண்ணீர் ஒரு தெருவுக்கே போதும். உள்ளாட்சியிலிருந்து டேங்க் பார்க்க வரும் கொசு ஒழிப்புப் பணியாளரை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள். டெங்கு நோயாளி முதல் ஐந்து நாள் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். அவரைக் கடிக்கும் கொசுதான் நோயை வீட்டில் மற்றவர்களுக்குக் கொண்டுபோகும்.

சேற்றிலும் வெள்ளத்திலும் கால் வைத்தவர்களுக்கு

டெல்டாவில் தாளடி நடவு நடக்கும் நேரம். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வியாசர்பாடியிலும் மழை வலுத்தால் தெருவே குளமாகும். இரண்டு இடத்திலும் எலி வளைக்குள் தண்ணீர் புகுகிறது. எலியின் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி வெளியே வருகிறது. கால் வெடிப்பு, சிராய்ப்பு, தண்ணீரில் ஊறி மெலிந்த தோல், கண் வழியாக அது உடம்புக்குள் போகும். ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும். இந்த எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலிக்கும். பீளை கட்டாமல் கண் சிவந்திருக்கும். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டுவிட்டன. ‘மஞ்சக்காமாலை’ என்று பச்சிலை குடிக்கப் போய் நாளை வீணாக்காதீர்கள். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும் நோய் இது.

வயலில் இறங்குகிறவர்கள் கால்புண்ணைக் கட்டி மூடிக்கொண்டு இறங்குங்கள். வெள்ளத்தில் நடந்து வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து உலரவிடுங்கள். கையில் உறையும் காலில் பூட்ஸும் இல்லாமல் தூய்மைப் பணியாளரை அடைப்பு எடுக்க அனுப்புவது குற்றம் என்பதை ஒப்பந்தக்காரருக்கு நினைவூட்ட வேண்டியது குடியிருப்புச் சங்கங்களின் வேலையும்தான். தினமும் இந்தத் தண்ணீரில் நிற்க வேண்டியவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் முன்தடுப்பாகக் கொடுக்கும் முறை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.

மழை கொஞ்சம் விட்டு, புல்லும் புதரும் மண்டியபின் வருவது ஸ்க்ரப் டைபஸ். மக்கள் வாயில் உண்ணிக் காய்ச்சல். மார்கழி, தை வரை நீளும். வேலூர்ப் பக்கம் டாக்டர்களுக்கு நன்றாகப் பழகிய நோய். வேறு பல இடங்களில் இன்னும் “டெங்கு நெகட்டிவ், டைபாய்டு நெகட்டிவ்” என்று ஒரு வாரம் ஓடிவிடுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் வலியோ அரிப்போ இருக்காது. சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுத்த பொருக்கு மட்டும் இருக்கும். எல்லோருக்கும் இருப்பதில்லை. இருந்தாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம் என்று மறைவில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. காய்ச்சல் நான்கு நாள் தாண்டினால் வீட்டுப் பெண்கள் நல்ல வெளிச்சத்தில் அம்மாவுக்கோ அத்தைக்கோ உடம்பு முழுவதும் பார்த்துச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டால் இந்த நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்விடும். வழக்கமாக எழுதும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகள் இதற்குக் கேட்கா; டாக்ஸிசைக்ளின் கேட்கும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். காட்டு வேலை முடிந்து வந்தால் அதே உடையில் படுக்காமல் தேய்த்துக் குளித்து மாற்றுங்கள். துணியைப் புதர்மேல் உலர்த்தாதீர்கள்.

குழாய்த் தண்ணீர்

தெருக்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் உள்ள இடத்தில் வெளியே நிற்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. தெருவுக்கே வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வர இது ஒன்று போதும். கலங்கல், நாற்றம் இல்லாவிட்டாலும் இந்த இரண்டு மாதம் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடமாவது விட்டு, ஆறவைத்துக் குடியுங்கள். கேன் தண்ணீருக்கும் அதே விதி. வெள்ளம் புகுந்த சம்பை முழுக்க இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே நிரப்புங்கள். திறந்து வைத்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும், புதிது வாங்குங்கள்.

வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று போட்டால் உப்பு அளவு கெடும். குழந்தைக்கு டாக்டர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

காய்ச்சல் இரண்டாம் நாளே ‘விடால் பாசிட்டிவ்’ ரிப்போர்ட் வந்தால் உடனே டைபாய்டு என்று முடிவு கட்ட வேண்டாம். அது எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை. எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரம் ஆகும், பழைய தொற்றிலும் தெரியும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் எடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

தோலும் கண்ணும்

சேற்றுப்புண் வந்தால் விரலிடுக்கை உலர வைப்பதே பாதி மருந்து. படர்தாமரைக்குக் கடையில் வாங்கும் க்ரீம் குழாயில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். ‘மெட்ராஸ் ஐ’ வந்தவரின் துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும். போன வருஷத்துச் சொட்டு மருந்தைத் தேடி எடுத்து விடாதீர்கள்.

கனமழை எச்சரிக்கை வந்ததும், தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் மருத்துவக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிரசவ தேதி நெருங்கியவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் தண்ணீர் ஏறும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் 108 வண்டியும் முனையில்தான் நிற்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது போன்ற சந்தேகங்களுக்கு 104-ஐக் கூப்பிடலாம். பிரஷர், சர்க்கரை, வலிப்பு மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு இருப்பு இருக்கட்டும். மாத்திரை அட்டையோடு மருந்துச் சீட்டின் நகலையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி மேலே வையுங்கள். மின்சாரம் போய் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால், பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான இன்சுலின் திறந்ததிலிருந்து நான்கு வாரம் வரை கெடாது. ஈரமணல் போட்ட சட்டிக்குள் சிறு மண்கலயம் ஒன்றை இறக்கி, மருந்துக் குப்பியைத் தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு அதற்குள் வைத்தால் போதும்.